நெட்டையும் குட்டையும்: நெல்லில் ஒரு பெரிய மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று வயலிலேயே கண்டறிய முழுமையான வழிகாட்டி

மியன்மாரின் பெகு நகருக்கு வெளியே, எங்கள் வீட்டு வயலின் ஒரு மூலையில் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை கெடுத்தேன். இரண்டாம் முறை விடை கிடைத்தது. அப்புறம் என் தங்கை மகனும் அவன் கூட்டாளிகளும் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களைக் குறித்துவைத்து எழுதுகிறேன்.

1. கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

உயரம், பூக்கும் நாள், கதிரில் உள்ள மணி எண்ணிக்கை, ஆயிரம் மணி எடை எல்லாம் அளந்து சொல்ல வேண்டிய பண்புகள். பல சிறிய மரபணுக்களும் மண்ணும் தண்ணீரும் உரமும் சேர்ந்து அவற்றைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டு மரபணுக்கள் தனியாகவே பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். அவற்றைத்தான் இங்கே பெரிய மரபணு என்கிறேன்.

கேள்வி இரண்டுதான். அப்படி ஒன்று இந்தக் கலப்பில் இருக்கிறதா? இருந்தால், மொத்த வித்தியாசத்தில் அதன் பங்கு எவ்வளவு, வேறு எதையெல்லாம் அது கூடவே இழுக்கிறது?

முதல் முறை செய்பவர் உயரத்தை எடுங்கள். நெல்லின் முதலாம் குரோமோசோமில் எஸ்டி1 என்ற மரபணு இருக்கிறது. ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் செய்யும் ஒரு நொதிக்கான குறிப்பு அதில் உள்ளது. அது பழுதானால் தண்டு நீளாது, செடி குட்டையாகும். தைவானின் டீ-கியோ-வூ-ஜென் நெல்லில் இருந்த இந்தக் குட்டைத் தன்மைதான் 1966-இல் வெளியான ஐஆர்8 என்ற நெல் ரகத்துக்கு வந்தது. இது ஒடுங்கு பண்பு, அதாவது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் குட்டை வடிவமாக இருந்தால்தான் செடி குட்டை. விளைவும் பெரியது, கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

விளைச்சலில் தொடங்காதீர்கள். எல்லோருக்கும் அந்த ஆசைதான் வருகிறது. ஆனால் ஒற்றைச் செடியின் விளைச்சலில் மண்ணின் பங்கு மிக அதிகம், மரபணு அதற்குள் மறைந்துபோகும். விளைச்சலுக்கு 9-ஆம் படியில் வருவோம்.

2. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

நுனி கூர்மையான இடுக்கி, சிறிய கத்தரி, பட்டர் பேப்பர் பைகள், நூல் கட்டிய அட்டைகள், பென்சில், செ.மீ. குறித்த நீளமான கோல், குழிக்குழியான நாற்றுத் தட்டுகள், ஒரு கெட்டி நோட்டு. அட்டையில் பேனாவால் எழுதாதீர்கள். மழையில் மை கரைந்தால் எந்தச் செடி எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இடம் அதிகம் வேண்டாம். 20 செ.மீ. இடைவெளியில் 240 செடிக்கு 10 சதுர மீட்டர்கூட ஆகாது. வேண்டியது பொறுமை. மழைக்காலத்தில் மட்டும் செய்தால் ஐந்து வருடம் ஆகும்: கலப்பு, எஃப்1 (கலப்பின் பிள்ளைகள்), எஃப்2 (பேரப்பிள்ளைகள்), எஃப்3 (கொள்ளுப்பேரப்பிள்ளைகள்), கடைசியில் பாத்திச் சோதனை. இரண்டு போகமும் பூக்கும் நெல்லாக இருந்தால் ஏறக்குறைய பாதிக் காலத்தில் முடிக்கலாம்.

3. பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இரண்டும் தூய விதையாக இருக்க வேண்டும். சந்தையில் வாங்கிய நெல்லில் கலப்படம் இருக்கும், அந்தக் கலப்படமே பிற்பாடு இரண்டு கூட்டமாகப் பிரிந்து உங்களை ஏமாற்றும். அதனால் ஒரு போகம் தனித்தனிக் கதிராக விதைத்து, மாறுபட்ட வரிசைகளைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது, போசானைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், அதனால்தான் சொல்கிறேன். போசான் போன்ற நாட்டு நெல் பகல் குறைந்தால்தான் பூக்கும். எங்கள் பக்கம் ஜூனில் பகல் சுமார் 13 மணி நேரம், டிசம்பரில் சுமார் 11. ஐஆர் வகைக் குட்டைகள் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இரண்டையும் கலந்தால் பிள்ளைகளில் உயரம் மட்டும் பிரியாது, பூக்கும் நாளும் பிரியும். தாமதமாகப் பூக்கும் செடிக்கு வளரக் கூடுதல் நாள் கிடைக்கிறது, அதனாலேயே அது உயரும். நீங்கள் அளப்பது உயர மரபணுவா, பூக்கும் நாளா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

பகலின் நீளத்தைப் பார்க்காத நெட்டை நெல் எது என்று அறிய, ஒரு பிடி விதையை மழைக்காலத்திலும் கோடைப் போகத்திலும் விதைத்துப் பாருங்கள். இரண்டிலும் பூக்கும் நாள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் அது உங்களுக்கு ஆகும். இப்படிப் பார்க்க ஒரு வருடம் போகும். போகட்டும்.

4. கலப்பு

குட்டையைத் தாயாகவும் நெட்டையைத் தந்தையாகவும் வையுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு மகரந்தப் பை தப்பிவிடும். தாய் குட்டையாக இருந்தால், தப்பிப் பிறந்த செடி அடுத்த தலைமுறையில் குட்டையாக நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். தாய் நெட்டையாக இருந்தால் தப்பியதும் நெட்டை, கலப்பும் நெட்டை, தெரியவே தெரியாது.

மாலையில், பாதி வெளிவந்த கதிர் ஒன்றை எடுங்கள். ஏற்கெனவே பூத்த மேல் மணிகளையும் ரொம்பப் பிஞ்சான அடி மணிகளையும் நறுக்கி விடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மகரந்தப் பைகள் உமிக்குள் பாதி உயரத்துக்கு ஏறி நிற்பது தெரியும். மறுநாள் பூக்கப்போகிறவை அவைதான். உமியின் நுனியில் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்டி, உள்ளே உள்ள ஆறு பைகளையும் இடுக்கியால் எடுங்கள். எண்ணி எடுங்கள், ஐந்து எடுத்தால் வேலை வீண். உடனே பையை மாட்டுங்கள்.

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நெட்டைச் செடி பூத்துத் தூள் உதிரும் நேரம், அந்தக் கதிரை வெட்டிய மணிகளின் மேல் உதறி மறுபடி பையை மூடுங்கள். 25 முதல் 30 நாளில் விதை முற்றும். உமி பாதி இல்லாத விதை என்பதால் ஈரம் சீக்கிரம் தாக்கும். நன்றாக உலர்த்தி, இறுக மூடும் புட்டியில் வையுங்கள்.

5. எஃப்1: இங்கே சிக்கனம் வேண்டாம்

பத்து விதை போட்டு, பெற்றோர் இருவரையும் பக்கத்தில் நடுங்கள். குட்டையாக நிற்பதைப் பிடுங்கி எறியுங்கள், அது கலப்பு இல்லை. மற்றவை நெட்டைப் பெற்றோர் அளவுக்கு நின்றால் நெட்டை ஓங்கு பண்பு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே போதும் என்று தெரிகிறது. நடுவில் நின்றால் ஓங்கு தன்மை முழுமையாக இல்லை. அப்போது எஃப்2-இல் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை (3:1) என்று எதிர்பார்க்காமல், ஒரு நெட்டை, இரண்டு நடுத்தரம், ஒரு குட்டை (1:2:1) என்று எதிர்பார்க்க வேண்டும். கோதுமையில் நோரின் 10 என்ற ஜப்பானிய ரகம் வழியாக வந்த குட்டை மரபணுக்கள் இப்படித்தான் நடுவில் நிற்கும். கோதுமைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எஃப்1 செடியின் விதையை மட்டும் தனியாக அறுத்து எடுத்தாலே அடுத்த படிக்குப் போதும். ஆனாலும் மூன்று செடிகளின் விதையைத் தனித்தனியே வையுங்கள். எலி யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை.

6. எஃப்2 நடவு: பெரும்பாலான சோதனை இங்கேதான் சாகிறது

முதல் முறை நான் நாற்றைக் கொடுத்துவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன். நடவுக்கு வந்த அக்காமார் வழக்கம்போல ஒரு குத்துக்கு மூன்று நாற்று நட்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அதுதானே நல்ல நடவு. ஆனால் மூன்று செடி ஒரே குத்தில் நின்றால், அதில் உயரமானதைத்தான் நீங்கள் அளப்பீர்கள். மூன்றுமே குட்டையாக அமைய வாய்ப்பு 64-இல் ஒன்று. என் வயலில் குட்டையே இல்லாதது போலத் தெரிந்தது, நானும் ஏதோ புதுசாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வாரம் திரிந்தேன். ஆகவே குத்துக்கு ஒரே நாற்று, நீங்களே பக்கத்தில் நின்று.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. தங்கை மகன் நாற்றங்காலில் கொழுத்த நாற்றாகப் பொறுக்கி எடுத்து நட்டான். குட்டை மரபணு உள்ள நாற்று சின்ன வயதிலேயே கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும். பொறுக்கும்போதே குட்டைகளைத் தள்ளிவிட்டான். இதைத் தவிர்க்க, குழிக்கு ஒரு விதையாகத் தட்டில் போட்டு, முளைத்ததை எல்லாம் நடுங்கள். நோஞ்சானையும் நடுங்கள். முளைக்காதது எத்தனை, நட்டபின் செத்தது எத்தனை என்று எழுதுங்கள். செத்த இடத்தில் மறுநாற்று வைக்கலாம், ஆனால் அது அளவில் சேராது, இடம் நிரப்ப மட்டும்தான். இடம் காலியாக இருந்தால் பக்கத்துச் செடிக்கு வெயில் கூடிவிடும்.

எத்தனை செடி? 200-க்குக் குறையாமல். ஐம்பது செடியில், ஒரு மரபணு தரும் 3:1-ஐயும் இரண்டு மரபணு சேர்ந்து தரும் 9:7-ஐயும் பிரித்தறிவது கஷ்டம்.

வரிசை அமைப்பு: எஃப்2 வரிசைகளுக்கு நடுவே இடையிடையே நெட்டை, குட்டை, எஃப்1 வரிசைகளை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு ஓரத்தில் ஒதுக்கி வைக்காதீர்கள். ஒரே மரபு கொண்ட செடிகள் தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதுதான் மண் செய்யும் வேலையின் அளவு. அது வயல் முழுக்க எடுத்த அளவாக இருக்க வேண்டும். சுற்றிலும் இரண்டு வரிசை வேலிப்பயிர் நடுங்கள். வரப்போரச் செடி எப்போதும் கொழுக்கும், அதை அளக்கக் கூடாது.

7. அளவெடுத்தல்

பூத்து மூன்று வாரம் கழித்து, மண்ணிலிருந்து மிக உயரமான கதிரின் நுனிவரை அளக்கவும். மீசை இருந்தால் அதைச் சேர்க்க வேண்டாம். சாய்ந்த செடியைத் தூக்கிப் பிடித்து அளக்கவும். ஒவ்வொரு செடிக்கும் முதல் கதிர் வெளிவந்த தேதி கட்டாயம். தூர் எண்ணிக்கை, கதிர் நீளம், கதிரின் மணி எண்ணிக்கை ஆகியவற்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள், 9-ஆம் படியில் உதவும்.

ஒருவரே கடைசிவரை அளக்க வேண்டும். இன்னொருவர் எழுதட்டும். 118, 121 என்று வருவதை 120 என்று முழுமையாக்காதீர்கள். அப்படி எழுதிய நோட்டில் 5-இலும் 0-இலும் முடியும் எண்கள் குவிந்து, இல்லாத மேடுகள் எழும். இதை நான் மூன்று பேர் நோட்டில் பார்த்திருக்கிறேன்.

8. வரைந்து, கணக்குப் போட்டு, எஃப்3-இல் சரிபார்த்தல்

5 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை செடி என்று பத்தி வரையுங்கள். கட்டம் 20 செ.மீ. என்றால் பள்ளம் மறையும், 1 செ.மீ. என்றால் எங்கு பார்த்தாலும் பள்ளம்.

இரண்டு மேடும் நடுவில் தெளிவான பள்ளமும் வந்தால் பள்ளத்தில் கோடு கிழித்து இரு பக்கமும் எண்ணுங்கள். கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே வைத்துச் சொல்கிறேன். 240 செடியில் நெட்டை 174, குட்டை 66. 3:1 என்றால் 180-ம் 60-ம் வரவேண்டும். வித்தியாசம் 6. அதன் வர்க்கம் 36; 36-ஐ 180-ஆல் வகுத்தால் 0.2, 60-ஆல் வகுத்தால் 0.6, கூட்டினால் 0.8. எல்லை 3.84; தற்செயலாக மட்டும் இதைத் தாண்ட நூற்றுக்கு ஐந்துதான் வாய்ப்பு. அதற்குள் இருப்பதால் 3:1 பொருந்துகிறது. இதோடு நிறுத்தாதீர்கள், எதிராளியையும் சோதியுங்கள். 9:7 என்றால் 135-ம் 105-ம் வரவேண்டும். அதே கணக்கில் 25-க்கு மேல் வரும், பொருந்தவில்லை. இரண்டு மரபணு சேர்ந்து தரும் இன்னொரு விகிதமான 13:3 என்றால் 12-க்கு மேல், அதுவும் பொருந்தவில்லை. ஒன்று பொருந்துகிறது என்பதைவிட மற்றவை பொருந்தவில்லை என்பதுதான் எனக்குத் தெம்பு தரும்.

அடுத்தது பங்கு. பெற்றோர், எஃப்1 வரிசைகளுக்குள் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து செடிகள் சிதறும் அளவு) 6 செ.மீ. என்று வைப்போம். அதன் வர்க்கம் 36, இது மண்ணின் பங்கு. எஃப்2 முழுவதின் விலக்க வர்க்கம் 360. நெட்டைக் கூட்டத்தின் சராசரிக்கும் குட்டைக் கூட்டத்தின் சராசரிக்கும் இடைவெளி 40 செ.மீ. என்றால், பெரிய மரபணுவின் பங்கு முக்கால் (நெட்டைகள்) பெருக்கல் கால் (குட்டைகள்) பெருக்கல் 40-இன் வர்க்கம், அதாவது 300. மீதி 24 சின்ன மரபணுக்களுடையது. நூற்றில் 83 பெரியது, 10 மண், 7 சின்னவை.

இதே வயலில் இடைவெளி 40-க்குப் பதில் 12 செ.மீ. மட்டும் என்றால்? மரபணுவின் பங்கு 27, மொத்தம் 87. நூற்றில் 31. மூன்றில் ஒரு பங்கு வேலை அந்த ஒரே மரபணுவுடையது, ஆனால் படத்தில் ஒரே மேடுதான் தெரியும்! இரண்டு கூட்டத்தின் இடைவெளி கூட்டத்துக்குள் உள்ள திட்டவிலக்கத்தைப் போல இரண்டு மடங்காவது தாண்டினால்தான் பள்ளம் விழும், 3:1 பிரிவில் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். ஆகவே, பள்ளம் இல்லை என்றால் பெரிய மரபணு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பள்ளம் இருந்தாலும் அது பூக்கும் நாளாகவோ கலப்பட விதையாகவோ இருக்கலாம்.

அதனால்தான் எஃப்3. நெட்டையாக நின்ற எஃப்2-இல் 60 செடி, குட்டையில் 20 செடி, கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையாக, வரிசைக்கு 20 செடி. குட்டையின் பிள்ளைகள் அத்தனையும் குட்டையாக நிற்க வேண்டும். நெட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு வரிசை முழுக்க நெட்டையாகவும், மூன்றில் இரண்டு பங்கு வரிசை கலந்தும் வரவேண்டும். 60-இல் 20-ம் 40-ம். வரிசைக்கு 10 செடி போதாதா என்று கேட்பார்கள். கலந்திருக்க வேண்டிய வரிசையில் ஒரு குட்டைகூடத் தெரியாமல் போக 10 செடியில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வாய்ப்பு உண்டு, 16 செடியில் அது ஒன்றாகக் குறைகிறது. செத்தது, நனைந்தது எல்லாம் போக 16 மிஞ்சத்தான் 20.

எஃப்2 சொல்வதும் எஃப்3 சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் எஃப்3 சொல்வதை நம்புங்கள். ஒற்றைச் செடியைவிட இருபது பிள்ளைகளின் சாட்சி பெரியது.

9. அந்த மரபணு வேறு எதை இழுக்கிறது?

இங்கேதான் விளைச்சல் வருகிறது. எஃப்2 நோட்டை வைத்துக்கொண்டு, குட்டைச் செடிகளின் சராசரி மணி எடை குறைவு, அதனால் குட்டை மரபணு விளைச்சலைக் குறைக்கிறது என்று எழுதிக் கொண்டுவருவார்கள். எஃப்2 வயலில் குட்டை நெட்டையின் நிழலில் நிற்கிறது. கலந்து வளர்த்துக்கொண்டே போனால் சில தலைமுறையில் குட்டையே காணாமல் போகும் அளவுக்கு அந்தப் போட்டி இருக்கும். தனியாக நட்டால் கதையே வேறு.

எஃப்3-இல் தூய்மை உறுதியான 20 குட்டை வரிசைகளின் விதையைச் சம அளவு எடுத்து ஒரு கலவை. தூய 20 நெட்டை வரிசைகளிலிருந்து இன்னொரு கலவை. இருபது இருபதாகக் கலப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குட்டையையும் ஒரு நெட்டையையும் ஒப்பிட்டால் அவற்றின் மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களும் வேறு வேறாக இருக்கும். இருபது குடும்பம் கலந்தால் அந்த மற்றவை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகி, இந்த ஒரே மரபணுவும் அதை ஒட்டிய துண்டும் மட்டும் வித்தியாசமாக மிஞ்சும்.

ஒவ்வொரு கலவையையும் தனிப் பாத்தியில், இரண்டு உர அளவில், மும்மூன்று முறை நடுங்கள்: ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா, இரண்டு மூட்டை யூரியா. மொத்தம் 12 பாத்தி. இரண்டு மூட்டையை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். ஓர வரிசைகளை ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் அறுத்து எடைபோடுங்கள்.

உரம் குறைந்த பாத்தியில் நெட்டை பின்தங்காமல் நிற்கலாம், முந்தவும் செய்யலாம். உரம் கூடும்போது நெட்டை சாய்ந்துவிடும், குட்டை நின்று உரத்தை மணியாக்கும். ஐஆர்8 வயலுக்கு வந்தபோது வென்றது இந்த வழியில்தான். ஆக, இந்த மரபணு விளைச்சலை எவ்வளவு கூட்டுகிறது என்று உர அளவைச் சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. சாய்ந்த பாத்தி எது, எந்தத் தேதியில் என்று எழுதிவைக்க மறக்காதீர்கள். நெட்டை தோற்றதற்குக் காரணம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். வைக்கோலையும் எடைபோடுங்கள், மாடு வைத்திருப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

எல்லா மரபணுவும் எஸ்டி1 மாதிரி அடக்கமாக இருக்காது. ஜிஎச்டி7 என்ற மரபணு பூக்கும் நாள், உயரம், கதிரின் மணி எண்ணிக்கை மூன்றையும் சேர்த்தே மாற்றும். ஜிஎஸ்3 பெரும்பாலும் மணியின் நீளத்தோடு விளையாடும். இரண்டு பண்பு எப்போதும் சேர்ந்தே வந்தால், ஒரே மரபணு இரண்டையும் செய்கிறதா, அல்லது பக்கத்துப் பக்கத்து மரபணுக்கள் கைகோத்து வருகின்றனவா என்று கேளுங்கள். ஒரு குடும்பத்திலாவது அவை உண்மையாகவே பிரிந்து நின்றால் இரண்டாவதுதான் சரி. பிரியவே இல்லை என்றால் வயலை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

10. டிஎன்ஏ சோதனை கிடைத்தால்

எஸ்டி1-இல் டீ-கியோ-வூ-ஜென் வழி வந்த குட்டை வடிவத்தில் 383 எழுத்துகள் விடுபட்டிருக்கும், டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை செய்தால் துண்டின் நீளத்திலேயே தெரியும். இதில் பெரிய லாபம், நெட்டைகளுக்குள் தூயது எது, கலந்தது எது என்று எஃப்3-க்குக் காத்திராமல் தெரிந்துவிடுவது. ஆனால் உங்கள் குட்டைப் பெற்றோரிடம் அதே வடிவம் இருக்கிறதா என்று முதலில் பெற்றோர் இருவரிடமும் பாருங்கள். குட்டையாக்கும் மரபணு நெல்லில் இது ஒன்று மட்டும் இல்லை.

செடி எண்ணிக்கை குறைவாக வைத்து மரபணுவின் பங்கைக் கணக்கிட்டால் விடை பெரும்பாலும் கூடுதலாகவே வரும், டிஎன்ஏ சோதனை செய்தாலும் அப்படித்தான். நூறு செடியில் நூற்றுக்கு 40 என்று வந்ததை அடுத்த வருடம் வேறு செடிகளில் மறுபடி பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்காகவே எஃப்2 விதையில் பாதியை விதைக்காமல் புட்டியில் வைத்திருக்க வேண்டும். என் புட்டி இன்னும் அடுப்படி மேல்தட்டில் இருக்கிறது.